முதல் திரை மாமாவுக்கு

அத்தியாயம் 11

தமிழ்மொழியின் நாற்காலி அன்றும் காலியாக இருந்தது. கலைப்பிரியா அதைப் பார்க்காமல் வகுப்பைத் தொடங்கினாள்.

அவளுடைய அண்ணன் மகள் அந்தப் பெண். திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கி, அத்தை கணினி சொல்லிக்கொடுக்கிற பள்ளியிலேயே எட்டாம் வகுப்புப் படிப்பவள். வீட்டில் அத்தை, பள்ளியில் மிஸ். இரண்டையும் இதுவரை அவள் மாற்றிச் சொன்னதில்லை. வயதுக்கு வந்த செய்தி தெரிந்ததும் அண்ணன் மணிமாறன் கார் வைத்துக்கொண்டு வந்து விழுப்புரத்துக்கு அழைத்துப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. திங்கட்கிழமை திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார்.

போன வாரம் அண்ணி தேவகியின் தம்பி தேவநாதன் ஒரு யோசனை சொன்னார். கண்டமங்கலத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர். தாய்மாமன். “ஃபிளெக்ஸை மாமா பார்த்துக்கறேன். அழைப்பை நீயே பண்ணு மொழி. டீச்சர் வூட்லதான வளர்றே? வெப் பேஜா பண்ணிக் குடு, ஊருக்கே அனுப்பி வுடறேன்.”

தமிழ்மொழி உடனே சரி என்றாள். எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லாத பெண். அதுதான் கலைப்பிரியாவுக்கு ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. வகுப்பில் பரீட்சை. பரீட்சை எழுதப் போவது மாணவர்கள் அல்ல, அவர்கள் செய்த பக்கங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வாசகரைத் தேர்ந்தெடுத்து அவருக்காக ஒரு வலைப்பக்கம் செய்திருந்தது. அந்த வாசகரையே கூட்டிவந்து முன்னால் உட்கார வைக்க வேண்டும். அவர் படிப்பார். செய்தவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

முதல் வாசகர் சின்னபொண்ணு. சத்துணவுக் கூடத்தில் வேலை. வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறித்துக் காயப்போட்டிருந்தார்கள். காயத்ரியின் குழு செய்த பக்கத்தின் பெயர், ‘இன்று காயப்போடலாமா?’

சின்னபொண்ணு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

“என்னாடி இது, பத்திரிகையா? ஒரே பேரா இருக்குது.”

குழுவில் இருந்த நான்கு பேரின் பெயர்களும் மேலே பெரிய எழுத்தில் இருந்தன. இனிஷியலோடு.

“மேகம் சுத்துது. சரி. சுத்தட்டும். மழை வருமா வராதா?”

காயத்ரி வாயைத் திறந்தாள். கலைப்பிரியா விரலை உயர்த்தினாள். காயத்ரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னபொண்ணு மவுஸை உருட்டினாள். பக்கம் கொஞ்சம் கீழே போய், மறுபடி மேலே வந்தது. மழை பற்றிய வரி அதற்கும் கீழே இருந்தது. அவள் அங்கே போகவே இல்லை.

“போங்கடி. நான் வெளிய போய் வானத்தையே பார்த்துக்கறேன். அடுப்புல சாம்பாரு இருக்குது.”

வகுப்பு சிரித்தது. காயத்ரி சிரிக்கவில்லை.

“கீழே போட்டிருந்தோம் மிஸ். அவங்க பார்க்கல.”

“பார்க்கலன்னா தப்பு யாரோடது?”

“எங்களோடது.” தலைகுனிந்தாள். “மிஸ், நீங்களே அந்த வரியைத் தூக்கி மேல வச்சிடுங்க மிஸ். நாங்க தொட்டா எல்லாம் கலைஞ்சு போவுது.”

“உன் பக்கம். நான் கை வைக்க மாட்டேன்.”

“எல்லாப் பேஜும் உங்க கணக்குலதான மிஸ் இருக்குது?”

“இருக்குது. அதனாலதான் வைக்க மாட்டேன்.”

மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. அண்ணன். அவள் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. வகுப்பு முடிவதற்குள் மேசை ஓரத்துக்கே நகர்ந்துவிட்டது.

இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து பேசினாள்.

“என்னாண்ணே?”

“என்னாவா? நீ பார்க்கலியா?”

“கிளாஸ்ல இருந்தேன்.”

“லீவு சொல்லிட்டு ஜல்தி கெளம்பி வா. பெரிய பேஜாராப் போச்சு. தேவநாதன் வந்து நிக்கறான். நிக்கறான்னா நின்னுக்கினே இருக்கான். உக்காரல. தண்ணி குடுத்தா தொட மாட்டேன்றான்.”

“எதுக்கு?”

“உன் ஸ்டூடண்ட்டு பண்ண வேலைக்கு,” என்றார் மணிமாறன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மொழி என்று சொல்லவில்லை. என் பொண்ணு என்றும் சொல்லவில்லை.

*

திண்டிவனம் நிலையத்தில் விழுப்புரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் போனைத் திறந்தாள். குடும்பக் குழுவில் காலையிலேயே பக்கத்தின் இணைப்பு வந்திருந்தது. அனுப்பியவர் தேவநாதன். கூடவே கும்பிடு போடும் கைகள் வரிசையாக.

அதற்குக் கீழே கேள்விகள். ‘ஃபிளெக்ஸ் இல்லையாமே?’ ‘பொண்ணே எழுதுச்சா?’ ‘நல்லாத்தான் சொல்லியிருக்கு.’ ‘தாய்மாமனுக்குத் தெரியுமா இது?’

அவள் பக்கத்தைத் திறந்தாள்.

முதல் திரையில் குத்துவிளக்கு, மாவிலை, இரண்டு பக்கமும் தாமரை. நடுவில் தங்க நிறத்தில் கொட்டை எழுத்து: ‘தாய்மாமன் கண்டமங்கலம் தேவநாதன் குடும்பத்தார் அன்புடன் அழைக்கிறார்கள்.’ தேதி, மண்டபம். திரை நிறைந்துவிட்டது.

கலைப்பிரியா கீழே இறக்கினாள்.

குத்துவிளக்கு போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து.

‘புதுச்சேரி பஸ்ஸில் வருகிறவர்கள் ரயில்வே கேட்டுக்கு முன்னால் இறங்குங்கள். பஸ் நிலையம் வரை போனால் திரும்பி வர ஆட்டோ பிடிக்க வேண்டும்.

‘மண்டபத்தின் முன் வாசலில் படிகள் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் பின் வாசலுக்கு வாருங்கள். அங்கே படி கிடையாது.

‘சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேப்பைக் களி தனியாக இருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

‘கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மாடியில் ஒரு அறை. தாழ்ப்பாள் வேலை செய்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.’

கலைப்பிரியா அதை இன்னொரு முறை படித்தாள். எத்தனையோ அழைப்பிதழ் பார்த்திருக்கிறாள். எங்கே இறங்க வேண்டும் என்று எந்த அழைப்பிதழும் சொன்னதில்லை.

இன்னும் கீழே போனாள்.

‘என் படம் இதில் இல்லை. வாசலில் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் எனக்குத் தெரிந்தவர்கள். என்னைப் பார்க்க வருகிறீர்கள். எனக்குத் தெரியாதவர்கள் ரோட்டில் போகும்போது என்னைப் பார்க்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்தால் உங்கள் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் போட வேண்டாம். வாருங்கள். சாப்பிடுங்கள். தமிழ்மொழி.’

முதலில் வந்தது பெருமை. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது பயம் வந்தது.

நீங்கள் அழைத்தவர் மட்டுமல்ல, அழைக்காதவரும் உங்கள் பக்கத்தைப் படிப்பார், இரண்டு பேரையும் நினைத்துச் செய்யுங்கள் என்று வகுப்பில் சொன்னது அவள்தான். தமிழ்மொழி அதைச் சும்மா எழுதிவைத்துக்கொள்ளவில்லை.

*

காணை சாலையில் அண்ணன் வீடு. கரும்பு விற்ற பணத்தில் கட்டிய மாடி வீடு. வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாங்க டீச்சரம்மா. நல்லாப் பாடம் நடத்தறீங்க.”

தேவநாதன் ஹாலின் நடுவில் நின்றிருந்தார். சோபா காலியாக இருந்தது. டீப்பாய் மேல் சொம்பில் தண்ணீர் தளும்ப அப்படியே இருந்தது. மணிமாறன் சுவரோரம் நின்றிருந்தார். மச்சான் நிற்கும்போது அவரால் உட்கார முடியவில்லை.

“உக்காருங்களேன், பேசலாம்,” என்றாள் கலைப்பிரியா.

“உக்கார்ற மாதிரியா வச்சிருக்கீங்க என்னை? காலைலேர்ந்து போனு. கோலியனூர்ல ஒரு கஸ்டமரு, பொண்ணு கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் ஆர்டர் குடுத்தவன், அவன் கேக்கறான். ‘என்னாங்க, உங்க அக்கா பொண்ணே ஃபிளெக்ஸ் வேணான்றாளாம். எனக்கு மட்டும் இருவது அடி வைங்கன்னு சொன்னீங்களே’ன்றான். நான் என்னா பதில் சொல்றது?”

“நீங்கதான அனுப்புனீங்க?”

“நான்தான் அனுப்புனேன்! பார்த்துட்டுத்தான் அனுப்புனேன். என் பேரு கொட்டையா இருந்துது. குத்துவிளக்கு இருந்துது. அதுக்குக் கீழ இவ்ளோ பெரிய கதை இருக்குதுன்னு எவன் கண்டான்?”

மணிமாறனின் உதடு ஒரு பக்கம் கோணியது. உடனே மீசையைத் தடவிக்கொண்டார்.

“சிரிங்க மாமா. நல்லா சிரிங்க. ஊரே சிரிக்குது, நீங்க சிரிச்சா என்னா?”

“நான் எங்க மச்சான் சிரிச்சேன்?” மணிமாறன் தங்கையின் பக்கம் திரும்பினார். “இதை நீ எழுதிக் குடுத்தியா?”

ஆமாம் என்று சொன்னால் பெண் தப்பித்துக்கொள்வாள். ஆனால் இனி இந்த அத்தையோடு அவளை அனுப்ப மாட்டார்கள். இல்லை என்று சொன்னால் பழி முழுக்கப் பெண் தலையில் விழும். கலைப்பிரியா இரண்டையும் ஒரு கணம் எடை போட்டாள்.

“எழுதிக் குடுக்கல.”

“பாடம் சொன்னே.”

“சொன்னேன்.”

“அப்புறம் என்னா!” என்றார் தேவநாதன்.

சமையலறை நிலைப்படியில் தேவகி வந்து நின்றாள். கையில் இருந்த காபி டம்ளரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

“மொழியைக் கூப்புடுங்க,” என்றார் மணிமாறன்.

தமிழ்மொழி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பாவாடை தாவணி அவளுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு படியிலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். கடைசிப் படியில் நின்றுகொண்டாள்.

“வந்துட்டீங்களா அத்தை?” என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. அத்தை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற முகம்.

“ஏம்மா,” என்றார் தேவநாதன். குரலை இறக்கிக்கொண்டார். “மாமா உனக்கு என்னா கொறை வச்சேன்? உன் காது குத்துக்கு யாரு மடியில உக்காந்தே? எதுக்கு இப்படிப் பண்ணே?”

“உங்களுக்குன்னு தனியா பண்ணியிருக்கேனே மாமா.”

“எது?”

“மொத ஸ்க்ரீன் உங்களுக்கு. கீழ இருக்கறது வர்றவங்களுக்கு.”

மணிமாறன் தங்கையைப் பார்த்தார்.

“நீங்க அதோட நிறுத்திடுவீங்கன்னு தெரியும் மாமா,” என்றாள் தமிழ்மொழி. அதில் நக்கல் இல்லை. வகுப்பில் பதில் சொல்கிற குரல். “எது வந்தாலும் மேல மட்டும் பார்த்துட்டு அனுப்பிடுவீங்க. கண்டமங்கலம் வந்தப்பல்லாம் பார்த்திருக்கேன்.”

கலைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். வாசகர் எதுவரை படிப்பார் என்று கவனிக்கச் சொன்னவள் அவள். இந்தப் பெண் கவனித்திருக்கிறாள். சொந்த மாமாவை.

தேவநாதனின் முகம் கறுத்தது. இதுவரை கோபம்தான் இருந்தது. இப்போது வேறு ஏதோ சேர்ந்துகொண்டது.

“அப்ப என்னை ஏமாத்தியிருக்கே.”

“இல்ல மாமா. நான் மொதல்ல கேட்டேன். ஃபிளெக்ஸ் வேணாம்னு.”

“யாரைக் கேட்டே?”

தமிழ்மொழி தரையைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் மட்டும் அவள் கண் போகவே இல்லை. தேவகி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். சத்தம் சற்றுப் பெரிதாகவே கேட்டது.

“யாரையும் கேக்கல. பொய்யி வேற,” என்றார் தேவநாதன். “மாமா, ஒரே பேச்சு. அந்தப் பேஜு மாறணும். ஃபிளெக்ஸ் வேணாம்னு இருக்கற அந்த பாராவே இருக்கக் கூடாது. நாலு ரோடு சேர்ற கூட்ரோட்டுல வைக்க ஒண்ணு, மண்டபத்துல ஒண்ணு, அடிச்சு கடையில சுருட்டி வச்சிருக்கேன். அதை வைக்கத்தான் போறேன். பேஜு மாறலன்னா ஞாயித்துக்கிழமை மாமன் சீரு வராது. என்னை யாரும் வந்து கூப்புட வேணாம்.”

*

மணிமாறன் தங்கையைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார்.

“மாமன் சீர் இல்லாம பொண்ணுக்குத் தண்ணி ஊத்த முடியுமா கலை? நாளைக்கு அவ கல்யாணத்துல எவன் முன்னாடி நிப்பான்?”

“அவ கேட்டதுல தப்பு இல்லண்ணே.”

“தப்புன்னு நான் சொன்னேனா? கூட்ரோட்டுல என் பொண்ணு மூஞ்சியை மாட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா? ஆனா அவன் வாயை வுட்டுட்டான். இனிமே எறங்க மாட்டான். நீ மாத்திடு.”

“அவளையே மாத்தச் சொல்லுங்க.”

“மாட்டேன்னுட்டா. நீ வர்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன். உன் கணக்குல போனா நீயே மாத்தலாமாமே? தேவநாதன் கடைப் பையன் சொல்றான்.”

கலைப்பிரியா கையிலிருந்த போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மாத்திட்டேன்னா திங்கக்கிழமை உன்கூட அனுப்பறேன். என் வாக்கு. மாத்தலன்னா,” அவர் எழுந்தார், “இங்கியே ஏதாவது ஸ்கூல்ல சேத்துடறேன். கம்ப்யூட்டரும் வேணாம், ஒரு எழவும் வேணாம்.”

அவள் மாடிக்குப் போனாள். தமிழ்மொழி பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய தட்டும் டம்ளரும்.

“எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல மொழி?”

“சொல்லியிருந்தா நீங்க வேணாம்னு சொல்லியிருப்பீங்க.”

அது உண்மை. கலைப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்பத்திக்கு அந்தப் பத்தியை எடுத்துடலாம். திங்கக்கிழமை நீ நம்ம வூட்டுக்கு வந்துடுவ. வந்தப்புறம் உன் இஷ்டப்படி...”

“திங்கக்கிழமை எதுக்கு அத்தை? ஃபிளெக்ஸ் ஞாயித்துக்கிழமைதான வைக்கறாரு?”

கலைப்பிரியா பாயின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“கூட்ரோட்டுல, டீக்கடைக்கு எதிர்ல வைக்கறாராம். பஸ்ஸு அங்கதான் நிக்கும். யார் யாரோ பார்ப்பாங்க. எதுக்கு வச்சிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.” தாவணி நுனியை விரலில் சுற்றினாள். “நீங்க எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. நீங்க யார் பேஜுலயும் கை வைக்க மாட்டீங்க.”

அவள் அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். கெஞ்சியிருந்தால் கலைப்பிரியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கீழே இறங்கி வந்தாள். தேவநாதன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாசல் பக்கம் இரண்டடி நகர்ந்திருந்தார்.

“பத்தியை எடுத்துடறேன்,” என்றாள். “ஆனா அவ போட்டோ பேஜுல வராது. அதுக்கு நீங்க ஒத்துக்கணும்.”

தேவநாதன் யோசித்தார். “ஃபிளெக்ஸ்ல இருக்குதே. பேஜுல எதுக்கு? அந்த பாரா போனா சரி.”

சோபாவின் நுனியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். கணக்கு, கடவுச்சொல். மாணவர்களின் பக்கங்கள் வரிசையாக வந்தன. தமிழ்மொழியின் பக்கத்தைத் தொட்டாள். கீழே, கீழே. பத்தியின் மேல் விரலை வைத்ததும் அதைச் சுற்றி நீலக்கோடு வந்தது. நீக்கலாமா என்று கேட்டது.

திங்கட்கிழமை, என்று நினைத்துக்கொண்டாள். நீக்கினாள்.

பஸ் இருந்தது, முட்டி வலி இருந்தது, கேப்பைக் களி இருந்தது. ‘நான் போய்ப் பார்த்தேன்’ என்பதோடு பக்கம் நின்றுவிட்டது. எழுதியவள் பெயர்கூட இல்லை. அது நீக்கிய பத்தியோடு போய்விட்டது.

தேவநாதன் தன் போனில் பார்த்தார். இந்த முறை கடைசிவரை இறக்கிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சொம்பை எடுத்து அண்ணாந்து, உதட்டில் படாமல், முழுத் தண்ணீரையும் குடித்தார்.

“டீச்சரம்மா மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல,” என்றார்.

மணிமாறன் பெருமூச்சு விட்டார். “தேவகி, எல்லாருக்கும் எலை போடு.”

மாடிப்படியில் தமிழ்மொழி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் அவள் அம்மாவின் போன். திரையின் வெளிச்சம் தாடையில் விழுந்திருந்தது.

“திங்கக்கிழமை அத்தைகூடக் கெளம்பும்மா,” என்றார் மணிமாறன். “அப்பா சொல்லிட்டேன்.”

“நான் போகல.”

“என்னாது?”

“இங்கியே ஏதாவது ஸ்கூல்ல சேத்து வுட்டுருங்கப்பா.”

கலைப்பிரியா எழுந்தாள். “மொழி, கொஞ்சம் கேளு...”

“நான் வரல மிஸ்,” என்றாள் தமிழ்மொழி.

மேலே போய்விட்டாள். கதவை அடித்துச் சாத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அது மெதுவாகத்தான் மூடியது.

*

சாப்பிடு என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். கலைப்பிரியா பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். நாற்சந்தியில் டவுன் பஸ் வரும். வெயில் இன்னும் தாழவில்லை.

“கலை, நில்லு.”

தேவகி வேகமாக வந்தாள். கையில் பால் தூக்கு. பால் வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

“அவ கேட்டது என்கிட்டதான்.”

“தெரியும் அண்ணி.”

“எப்படித் தெரியும்?”

“என்கிட்ட கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அண்ணன்கிட்ட கேட்டிருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.”

தேவகி சிரிக்கவில்லை. “ரெண்டு வாட்டி கேட்டா. மாமாகிட்ட சொல்லும்மான்னு. நான் புடவைக்கு ஃபால்ஸ் தச்சிக்கினு இருந்தேன். சொல்றேன் சொல்றேன்னு சொன்னேன். தம்பி ஆசையா அடிச்சு வச்சிருக்கான், எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டேன். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டான், யாரைக் கேட்டேன்னு. அவ என்னைக் காட்டிக் குடுக்கல. நான் காபியைக் கையில வச்சிக்கினு மரம் மாதிரி நின்னேன்.”

கலைப்பிரியா அவள் தோளைத் தொட்டாள். தேவகி விலகிக்கொண்டாள். ஆறுதல் வாங்க அவள் வரவில்லை.

“நீ எடுத்தியே. அது போயே போச்சா?”

“இல்ல அண்ணி. திரும்ப வைக்கலாம்.”

“அப்ப வை. இப்ப வேணாம், மறுபடியும் எடுக்க வைப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலைல.”

“மொழி சொல்லாம இனிமே அதுல கை வைக்க மாட்டேன்.”

“இன்னிக்கு வச்சியே?”

கலைப்பிரியா எதிரே இருந்த மெடிக்கல் ஷாப்பைப் பார்த்தாள். அதன் பெயர்ப் பலகையை முழுவதும் படித்தாள்.

“அவ இப்ப யார்கிட்டயும் பேச மாட்டா,” என்றாள் தேவகி. “அவளைக் கேக்கறதுக்கு நேரம் இல்ல. நானே போன் பண்றேன். பண்ணதும் வை. அப்படியே கீழ இன்னொரு வரி சேரு. ‘ஃபிளெக்ஸ் வேணாம்னு சொல்றது அவ அம்மா தேவகி’ன்னு. என் பேரு நல்லாத் தெரியட்டும்.”

டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டினார். கலைப்பிரியா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அண்ணி, அப்படிப் போட்டா சீர் வராது. வாசல்லேர்ந்தே உங்க தம்பி திரும்பிடுவாரு.”

தேவகி தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வராதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்,” என்றாள்.